மண்ணிடம் கேட்டு எழுதியவர் – டாக்டர் வோல்க்கர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்)

முல்லையால் பெயர் பெற்ற ஊர் திருமுல்லைவாயில். படையெடுத்து வந்த தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிக்கொண்டு அவனை மேலே செல்லவொட்டாமல் தடுத்தது இவ்வூர் முல்லைக்கொடி என்பது தலவரலாறு. அத்தகைய கொடியை வளர்த்த மண்ணில் ஒரு பிடியை, இன்னும் மனையாகாமல் எஞ்சியிருக்கும் ஒரு கொல்லையிலிருந்து எடுத்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, சென்ற பருவத்தில் ஒருநாள் ஆய்வகத்திற்குப் போனேன். மண்ணின் அமிலத்தன்மையைத் தரம்பார்த்துக் கண்டறிவதே அன்றைய பாடம்.

பத்து கிராம் மண்ணைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி வடித்து, வடிநீரில் பினாஃப்தலீன் சில சொட்டுகள் விட்டுப் பியூரெட்டைத் திறந்தேன். நான்காவது சொட்டிலேயே குடுவை இளஞ்சிவப்பாகிவிட்டது. மண்ணே இல்லாமல் செய்த வெற்றுச் சோதனைக்கும் அதே நான்கு சொட்டுத்தான் ஆகியிருந்தது. அப்படியானால் விடை பூஜ்யம். பக்கத்து மேசை நண்பரோ நீலகிரி மண்ணை வைத்துக்கொண்டு 3.2 மில்லி லிட்டர் வரை இறக்கிவிட்டார். பூஜ்யம் என்று எழுதினால் மதிப்பெண்ணும் பூஜ்யமாகிவிடுமோ என்று அஞ்சினேன். 2.9, 3.0, 3.0 என்று மூன்று எண்களை ஏட்டில் எழுதிப் பேராசிரியரிடம் நீட்டினேன்.

அவர் ஏட்டைப் பார்த்தார். பின்னர் மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். எந்த ஊர் மண் என்று கேட்டார். சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. வோல்க்கர் என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றித் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வந்து ஏட்டைக் காட்டும்படி கூறிவிட்டார். நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் பேராசிரியர் வாயிலாகக் கேட்டவற்றையும் தொகுத்து இங்கே என் சக மாணவர்களுக்கு வழங்குகிறேன்.

தந்தை காட்டிய வழி

ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் அகஸ்டஸ் வோல்க்கர் ஜெர்மனி நாட்டு ஃபிராங்ஃபர்ட் நகரத்தவர், வேதியியல் அறிஞர். இங்கிலாந்திற்கு வந்து சைரன்செஸ்டர் வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தவர். பின்னர் இங்கிலாந்தின் அரச வேளாண்மைச் சங்கத்தின் ஆலோசனை வேதியியலராக விளங்கினார்.

அந்தப் பதவியின் பணி என்ன? எரு விற்கும் வணிகர்கள் எதை எருவென்று விற்கிறார்கள், கால்நடைத் தீவனத்தில் எதைக் கலக்கிறார்கள் என்பதைச் சோதித்து உழவருக்குச் சொல்வது அதில் ஒரு பெரும்பகுதி. வேதியியலரின் எண் ஒன்று பிசகினால் உழவனின் பணம் வீணாகும். எண் சரியாக இருந்தால் கலப்படம் செய்தவனின் சாயம் வெளுக்கும். இவ்வாறு எண்ணுக்கும் மனிதன் வாழ்வுக்கும் உள்ள உறவைச் சிறுவயதிலேயே வீட்டில் கண்டு வளர்ந்தவர் இளைய வோல்க்கர்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கற்ற பின், ஜெர்மனியில் கீசன் நகரப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். பயிர் மண்ணிலிருந்து தாதுச் சத்துக்களை எடுத்துக்கொள்கிறது, எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் மண் வறுமையுறும் என்று உலகிற்கு உணர்த்திய லீபிக் முன்னர் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் அது. 1884இல் தந்தை மறைந்தார். தந்தையின் பதவி மகனுக்கு வந்தது. அப்போது மகனுக்கு வயது முப்பது.

கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார்

இந்தியாவில் பஞ்சங்கள் அடுத்தடுத்து வந்த காலம் அது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழகம் இன்றும் மறந்துவிடவில்லை. இந்திய வேளாண்மையை வேதியியலின் துணைகொண்டு எவ்வாறு திருத்தலாம் என்று ஆராய்ந்து சொல்ல வல்லுநர் ஒருவர் தேவைப்பட்டார். பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி வோல்க்கரைத் தேர்ந்தெடுத்தார். 1889 டிசம்பரில் அவர் இந்தியாவில் கால்வைத்தார். 1891 ஜனவரி வரை பதின்மூன்று மாதங்கள் நாடெங்கும் சுற்றினார்.

இந்திய உழவன் பழமையில் ஊறியவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அக்காலத்தில் ஆங்கிலேயர் பலரின் எண்ணம். வோல்க்கர் அதை நம்பிவிடவும் இல்லை; மறுத்துவிடவும் இல்லை; நேரில் பார்த்தார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் உத்திகளைப் பார்த்தார். களையின்றித் துப்புரவாக வைக்கப்பட்ட நிலங்களைப் பார்த்தார். எந்த மண்ணுக்கு எந்தப் பயிர், எப்போது விதைப்பு, எப்போது அறுப்பு என்பதில் உழவருக்கிருந்த நுண்ணறிவைப் பார்த்தார். நம் ஊர்க் கவலையும் ஏற்றமும் நாட்டுப்புறத்தில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. 1890இல் சென்னையிலிருந்து கோவைக்கு இரயிலில் போகும் எவரும் அம்பத்தூர், ஆவடி வயல்களைக் கடந்துதான் போகவேண்டும். 1856லேயே இவ்வழியாக இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. சைதாப்பேட்டையில் இருந்த அரசுப் பண்ணையையும் வேளாண்மைப் பள்ளியையும் பற்றி வோல்க்கர் தம் அறிக்கையில் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பள்ளிதான் 1906இல் கோவைக்குப் பெயர்ந்து, நாளடைவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அவருடைய அறிக்கை 1893இல் வெளிவந்தது. இந்தியாவின் நல்ல உழவன் சராசரி ஆங்கில உழவனுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன், சிலவற்றில் அவனையும் விஞ்சுபவன் என்று துணிந்து எழுதினார். குறை உழவனின் அறிவில் இல்லை, அவனுக்குக் கிடைக்கும் வசதிகளில் இருக்கிறது என்று காட்டினார். மண்ணுக்குப் போகவேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது, ஏன்? விறகு இல்லை. ஆகவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்திற்கும் காடு வளர்த்தால் சாணம் தானாகவே வயலுக்குத் திரும்பும் என்பது அவர் கண்ட வழி. வறட்டி தட்டும் பெண்ணைக் குறை கூறாமல், அவள் வறட்டி தட்டுவதற்குரிய காரணத்தைத் தேடிய நேர்மை எண்ணி மகிழத்தக்கது.

இந்தியாவுக்கென்று தனியே ஒரு வேளாண் வேதியியலர் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அதன் பயனாக 1892இல் டாக்டர் லெதர் என்பவர் நியமனம் பெற்றார். கங்கைச் சமவெளி வண்டலையும், கரிசலையும், சென்னை மாகாணத்துச் செம்மண்ணையும், சரளை மண்ணையும் பகுத்தாய்ந்து இந்திய மண்ணியலுக்கு அடிகோலியவர் அவர்.

தம் வயலிலேயே வந்த சோதனை

பிறர் நிலத்தை ஆராய்ந்து சொல்வது எளிது. தம் நிலமே தமக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? இந்தியாவிலிருந்து திரும்பிய வோல்க்கருக்கு அந்தச் சோதனை காத்திருந்தது.

லண்டனுக்கு வடக்கே வோபர்ன் என்னும் ஊரில் அரச வேளாண்மைச் சங்கம் 1876இல் ஓர் ஆய்வுப் பண்ணை அமைத்தது. நிலம் தந்தவர் பெட்ஃபோர்டு கோமகன். தந்தை வோல்க்கரின் பார்வையில் தொடங்கிய அப்பண்ணை அவருக்குப்பின் மகனின் பொறுப்பில் வந்தது. அங்கே ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் கோதுமையும், மற்றொரு பகுதியில் ஆண்டுதோறும் பார்லியும் விதைத்தனர். ஒரு பாத்திக்கு எருவே இல்லை. ஒரு பாத்திக்குத் தொழுவுரம். ஒரு பாத்திக்குச் சோடியம் நைட்ரேட். ஒரு பாத்திக்கு அம்மோனிய உப்புக்கள். எது சிறந்தது என்று காலம் தீர்ப்பு வழங்கும்.

வோபர்ன் மண் இலேசான மணல் மண். தொடக்க ஆண்டுகளில் அம்மோனிய உப்பு இட்ட பாத்திகள் செழித்தன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பார்லி நலியத் தொடங்கியது. முளைத்த பயிர் மஞ்சளித்து மடிந்தது; பயிர் மடிந்த இடத்தைக் களை வந்து பிடித்துக்கொண்டது. இறுதியில் அறுப்பதற்கே ஒன்றுமில்லை என்னும் நிலை நேர்ந்தது. கோதுமையும் பின்னர் அதே வழியில் சென்றது. பக்கத்திலேயே தொழுவுரப் பாத்தியும் சோடியம் நைட்ரேட் பாத்தியும் இக்கேடின்றி நின்றன. ஒரே வானம், ஒரே மழை, ஒரே விதை; எரு மட்டுமே வேறு.

வோல்க்கர் என்ன செய்தார்? நலிந்த பாத்தியை ஆய்விலிருந்து நீக்கிவிடவில்லை. விளைச்சல் எண்களைச் சற்று உயர்த்தி எழுதவும் இல்லை. பூஜ்யத்தை நோக்கி இறங்கிய எண்களை ஆண்டுதோறும் அப்படியே சங்கத்தின் இதழில் அச்சிட்டார். எருவென்று விற்கப்படும் ஒரு பொருளே ஒரு மண்ணைக் கெடுக்கிறது என்பதை அந்த எண்கள் உரக்கச் சொல்லின.

மண் புளித்த கதை

காரணம் என்ன? அம்மோனிய உப்பை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மாறும்போது ஒவ்வோர் அம்மோனியத்திற்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன. ஹைட்ரஜன் அயனி என்பது அமிலத்தின் உயிர். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது அந்த அமிலத்தை முறித்துவிடும். சுண்ணாம்பு குறைந்த மணல் மண்ணிலோ முறிக்க ஆளில்லை; இருக்கும் சிறிதளவு கால்சியமும் மழைநீரோடு கீழே இறங்கிவிடும். மண் புளித்துவிடுகிறது. அமிலம் மிகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்களை நஞ்சாகத் தாக்குகிறது. சோடியம் நைட்ரேட்டில் அம்மோனியமே இல்லையாதலால் அந்தப் பாத்தி தப்பியது.

நோய் இன்னதென்று ஊகித்த வோல்க்கர் மருந்தையும் வயலிலேயே சோதித்தார். 1897 டிசம்பரில் அம்மோனியப் பாத்தியைப் பகுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஏக்கருக்கு 2 டன் வீதம் சுண்ணாம்பு இட்டார். மறுபகுதியை அப்படியே விட்டார். சுண்ணாம்பு இட்ட பகுதியில் பயிர் மீண்டும் எழுந்தது. இடாத பகுதி பாழாகவே கிடந்தது. இரண்டையும் அருகருகே பார்த்த எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. மண்ணின் புளிப்பு என்பது வயலில் நின்று கண்ணால் காணத்தக்க உண்மையாயிற்று.

குடுவைக்குள் வந்த வயல்

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. எவ்வளவு சுண்ணாம்பு? நீல லிட்மஸ் தாள் சிவந்தால் அமிலம் உண்டு என்று தெரியும். எவ்வளவு உண்டு என்று தெரியாது. ஒவ்வொரு வயலிலும் பாத்தி பிரித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. இங்கேதான் நம் ஆய்வகப் பியூரெட் உழவனுக்குத் துணையாக வருகிறது.

1909இல் டென்மார்க் நாட்டு சோரன்சன் பி.எச். என்னும் அளவுகோலைத் தந்தார். அது கரைசலில் அந்நேரம் உலவும் ஹைட்ரஜன் அயனியை மட்டுமே அளக்கும். மண்ணில் அதைப்போலப் பன்மடங்கு அமிலம் களிமண் துகள்களோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கிறது. சட்டைப்பையில் உள்ள சில்லறை முன்னது. வங்கியில் உள்ள இருப்பு பின்னது. பையை மட்டும் பார்த்து ஒருவரின் சொத்தை மதிப்பிட இயலுமா? இருப்பையும் கணக்கிடத் தரம்பார்த்தலே வழி.

1915இல் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்து ஹட்ச்சின்சன், மாக்லென்னன் என்னும் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். அளவு தெரிந்த கால்சியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணை இட்டுக் குலுக்க வேண்டும். மண் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியுடன் அமிலத்தால் தரம்பார்த்தால், மண் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பசித்தவன் முன் அளந்து சோறு வைத்து, மிஞ்சியதை அளந்து அவன் பசியைக் கணக்கிடுவது போன்ற முறை இது.

நாம் செய்யும் முறை சற்று வேறானது. நிழலில் உலர்த்திச் சலித்த மண் 10 கிராம். ஒரு நார்மல் பொட்டாசியம் குளோரைடு கரைசல். பொட்டாசியம் அயனிகள் மண் துகளில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனையும் அலுமினியத்தையும் இடம்பெயர்த்து வெளியே தள்ளுகின்றன. அரைமணி வைத்திருந்து வடிதாளில் வடித்து, மேலும் சிறிது சிறிதாக அதே கரைசலை ஊற்றி மண்ணைக் கழுவி, வடிநீர் முழுவதையும் சேர்த்துக்கொள்கிறோம். பினாஃப்தலீன் விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பார்க்கிறோம். குலுக்கிய பின்னும் மறையாத மெல்லிய இளஞ்சிவப்பே முடிவு நிலை. அடர்ந்த சிவப்பு வந்தால் எல்லை கடந்துவிட்டோம் என்று பொருள். மண்ணில்லாமல் செய்யும் வெற்றுச் சோதனையின் அளவை இதிலிருந்து கழிக்க வேண்டும்.

நண்பரின் நீலகிரி மண்ணை எடுத்துக்கொள்வோம். அளவு 3.2, வெற்றுச் சோதனை 0.2, எஞ்சுவது 3 மில்லி லிட்டர். 0.1 நார்மல் காரத்தில் 1 மில்லி லிட்டர், 5 மில்லி கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆகவே 10 கிராம் மண்ணுக்கு 15 மில்லி கிராம். ஒரு கிலோ மண்ணுக்கு ஒன்றரை கிராம். ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள மேல்மண் ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ. பெருக்கினால் 3,000 கிலோ சுண்ணாம்புக்கல் தூள். வயலில் இடும்போது வேறு காரணங்களையும் கருதி இவ்வளவைக் கூட்டிக் குறைப்பர். அடிப்படைக் கணக்கு இதுவே.

நண்பர்களே, இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பியூரெட்டில் 1 மில்லி லிட்டர் என்பது வயலில் ஹெக்டேருக்கு ஒரு டன் சுண்ணாம்பு! பியூரெட்டின் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி லிட்டர். அப்படியானால் நாம் அலட்சியமாக விடும் ஒவ்வொரு சொட்டும் 50 கிலோ மூட்டை ஒன்று. நான் ஏட்டில் பொய்யாக எழுதிய 3.0இல் வெற்றுச் சோதனையின் 0.2 போக 2.8 மீதம், திருமுல்லைவாயில் கொல்லைக்கு நான் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு 2,800 கிலோ! தேவையே இல்லாத நிலத்தில் அவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினால் இரும்பு, துத்தநாகம் முதலிய நுண்சத்துக்கள் பயிருக்கு எட்டாமல் போகும். பணமும் பாழ், பயிரும் பாழ்.

மலைமண் புளிப்பதற்குக் காரணம் உண்டு. மிகுந்த மழை கால்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தேயிலைக்கு அப்புளிப்பு பிடிக்கும். மலைக் காய்கறிகள் பலவற்றிற்குப் பிடிக்காது. சமவெளியில் நான் எடுத்த மண்ணுக்கோ அத்தகைய குறை இல்லை. அது பூஜ்யம் என்று நேர்மையாகச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

இறுதி நாள்கள்

1921இல் வோபர்ன் பண்ணையைத் தொடர்ந்து நடத்த இயலாமல் அரச வேளாண்மைச் சங்கம் கைவிட்டது. வோல்க்கருக்கு அப்போது வயது 67. ஓய்வு கொண்டிருக்கலாம். ஐம்பதாண்டை நெருங்கும் ஆய்வு இடையில் அறுந்துபோவதை அவர் மனம் ஒப்பவில்லை. தாமே பொறுப்பேற்றுப் பண்ணையை நடத்தினார். 1926இல் ரோதம்ஸ்டெட் நிலையம் அதனை ஏற்றுக்கொண்டது. வோபர்னின் ஐம்பதாண்டு வயலாய்வுகளைத் தொகுத்து, ரோதம்ஸ்டெட் இயக்குநர் சர் ஜான் ரஸ்ஸலுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. செழித்த பாத்தியின் கணக்கும் பாழ்பட்ட பாத்தியின் கணக்கும் அதில் இடம்பெற்றன. அதற்கு அடுத்த ஆண்டு, 1937இல், அவர் மறைந்தார்.

ஒரு நாட்டின் உழவர்களைப் பற்றி ஊரார் சொன்னதை நம்பிவிடாமல் பதின்மூன்று மாதம் நடந்து பார்த்தவர் அவர். தம் வயல் தோற்றபோது அத்தோல்வியை மறைக்காமல் அளந்து எழுதியவரும் அவரே. இரண்டும் ஒரே பண்பின் இரு முகங்கள். எதிர்பார்த்ததை எழுதுவது பழக்கம். கண்டதை எழுதுவதே அறிவியல்.

மறுவாரம் அதே மண்ணை மீண்டும் தரம்பார்த்தேன். மூன்று முறையும் நான்கு சொட்டு. வெற்றுச் சோதனையும் நான்கு சொட்டு. பழைய எண்களை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதி ஏட்டை நீட்டினேன். பேராசிரியர் கையொப்பமிட்டார். அடித்த எண்கள் இன்னும் படிக்கும்படியாகவே என் ஏட்டில் இருக்கின்றன. இருக்கட்டும். பாழ்பட்ட பாத்தியும் கணக்கில் இடம்பெறத்தானே வேண்டும்?